மிளகாயின் பிறந்தகம்

சென்ற விடுமுறையில், மகளின் ஆசைக்கிணங்கி, அமெரிக்க இல்லங்களில் வழங்கும் ஓர் உணவைச் சமைக்க முற்பட்டோம். சிப்பி வடிவான பெரிய பாஸ்தாவினுள் மெக்சிக்கோச் சுவையுடைய கலவையை அடைத்து, தக்காளிக் குழம்பும் சீஸும் மேலிட்டுப் போறணையில் வேகவைப்பது அது.

நம் வீடு சைவமாதலின், இறைச்சிக்குப் பதிலாக நன்கு அவித்த சிவப்பு அவரை விதையும் சோளமும் எடுத்து, மிளகாய்த்தூளும் நற்சீரகத்தூளும் சேர்த்தோம். பாஸ்தாவை முற்றாக அவித்தமையால் அடைக்கையிற் கிழிந்தது; மறுமுறை அரைவேக்காட்டில் இறக்கினோம்.

"பிறதேசத்துச் சாப்பாடு எனக்கு வேண்டாம்" என்றார் அன்னையார். மகளின் முகம் வாடிற்று.

"அம்மா, நீங்கள் குழம்புக்குப் போடும் மிளகாயும் மெக்சிக்கோவிற் பிறந்ததுதானே, போர்த்துக்கேயர் கொண்டுவராவிட்டால் எங்களுக்கு மிளகு மட்டுந்தான்" என்றோம்.

சற்றுச் சிந்தித்தவர், ஒன்றை எடுத்து உண்டார்.

"உறைப்புக் காணாது, பிள்ளை" என்றார் பேத்தியிடம்.

அடுத்தமுறைக்கான மிளகாயை அவரே வறுத்து இடித்துத் தந்தார்.