தோளுக்கு வாங்கிய வார்

என் குண்டு பட்ட பெண்மான் ஒன்று எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று இருட்டியபின் கேட்டவரிடம் "படவில்லை, ஓடிவிட்டது" என்றேன். பட்டது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்ன பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்ற அடுத்தடுத்துச் செய்தவற்றையும் சேர்த்து ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். எல்லாம் தொடங்கியது ஓர் அற்பமான பொருளில்: துப்பாக்கியைத் தோளில் மாட்டும் வார். இங்கே அதை ஸ்லிங் என்பார்கள்.

நான் இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் மலைப்பக்கத்தில். இங்கே ரைஃபிளோடு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகும் பருவம், நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை திறக்கும். 2019க்கு முன்னால் திங்கட்கிழமை. அந்தத் திங்களுக்குப் பல பள்ளிக்கூடங்கள் இன்னமும் விடுமுறை விடுகின்றன. தலையிலும் மார்பிலும் முதுகிலுமாகக் குறைந்தது 250 சதுர அங்குலம் பளீரென்ற ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்பது சட்டம். விடிவதற்கு முன்பே டீக்கடை மாதிரியான சிற்றுண்டிக் கடைகளில் ஆரஞ்சு உடுப்புக்காரர்கள் நிறைந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாகத் தெரிய ஆசைப்பட்டேன். கம்ப்யூட்டர் தட்டுகிறவனாக, பேசினால் இன்னொரு தரம் சொல்லு என்று கேட்கப்படுகிறவனாக மட்டும் இருந்து அலுத்துப்போயிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இளமையில் மரைன் படையில் இருந்தவர். வேட்டைக்கு வரலாமா என்று நான் கேட்டபோது, முன்னே சுட்டுப் பழக்கம் உண்டா என்றார். "இந்தியாவில் ராணுவப் பயிற்சி எடுத்திருக்கிறேன்" என்றேன். அந்த ராணுவப் பயிற்சி, கல்லூரியில் என்.சி.சி. காலையில் பரேடு, முடிந்ததும் பூரி. வருடாந்தர முகாமில் தரையில் படுத்து .22 ரைஃபிளில் 25 மீட்டருக்குச் சில தோட்டாக்கள். ஹவில்தார் பாடமாகச் சொல்லித் தந்தது மூன்று விஷயம்: மஜ்பூத் பகட், துருஸ்த் ஷிஸ்த், துருஸ்த் ட்ரிகர் ஆபரேஷன். பிடி உறுதியாக இருக்கணும், குறி சரியாக இருக்கணும், விசையைச் சரியாக அழுத்தணும். இந்தியில் ஒப்பித்தோம், மதிப்பெண் வாங்கினோம். வாரைப் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம், டிரில்லில் அது தொளதொளவென்று தொங்கினால் திட்டு விழும் என்பதுதான். பெரியவர் நான் சொன்னதை அப்படியே நம்பினார். ஒரு பட்டாளத்துக்காரருக்கு இன்னொரு பட்டாளத்துக்காரன்மேல் இருக்கும் மரியாதையோடு அதன்பிறகு என்னிடம் பேசினார். அந்த மரியாதை எனக்கு ருசித்தது.

அவருடைய ரைஃபிளில் இருந்தது தோல் வார். 1907இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட மாதிரி. இரண்டாம் உலகப் போரின் எம்-1 காரண்ட் ரைஃபிள் வரைக்கும் அது நீடித்தது. ஒன்றேகால் அங்குல அகலத்தில் இரண்டு துண்டுத் தோல், ஒவ்வொன்றின் நுனியிலும் இரட்டைக் கொக்கிப் பித்தளை, நீளவாட்டில் ஜோடி ஜோடியாகத் துளைகள், நடுவே நழுவி நகரும் தோல் வளையங்கள் இரண்டு. எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. "சாயங்காலம் வா, இதைக் கையில் மாட்டுவது எப்படியென்று காட்டுகிறேன்" என்றார். "தெரியும்" என்றேன். தெரியாது. அந்த வாரைக் கையில் மாட்டுவார்கள் என்பதே அன்றுதான் காதில் விழுந்தது.

மறுநாள் கடையில் நான் தேர்ந்தெடுத்தது நியோப்ரீன் வார். உள்ளங்கை அகலப் பஞ்சுப் பட்டை, தோளில் வழுக்காத அடிப்பக்கம், மேலே மான்கொம்பு முத்திரை. இழுத்தால் ரப்பராக நீளும். மூன்றரைக் கிலோவுக்கு மேல் வரும் ரைஃபிள் அதில் தொங்கினால் கனமே தெரியாது. கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். கண்ணாடியில் திரும்பியும் பார்த்தேன். இப்போது யோசித்தால் புரிகிறது: துப்பாக்கி சுமக்கிற ஆளாகத் தெரிய வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். அதற்கேற்ற வாரைத்தான் வாங்கினேன். சுடும்போது அது என்ன செய்யும் என்ற கேள்வி மனதில் எழவே இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிறகு கற்றுக்கொண்டேன். வலது கையால் சுடுகிறவர் வாரின் முன்பாதியில் ஒரு கண்ணி செய்து, அதில் இடது கையை நுழைத்து, அக்குளுக்குக் கீழே மேற்புயத்தில் உயரமாக ஏற்றிக்கொள்ள வேண்டும். வளையங்களைக் கீழே தள்ளினால் கண்ணி நழுவாது. வாருக்கு அரைத் திருப்புத் திருப்பினால் தோல் புறங்கையில் தட்டையாகப் படியும். கையை வாருக்கு வெளியே சுற்றிக் கொண்டுபோய், ரைஃபிளின் முன்கட்டையைத் தாங்க வேண்டும். இப்போது மேற்புயம், முன்னங்கை, வார் மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். வார் சரியான நீளத்தில் இருந்தால் துப்பாக்கியின் பின்கட்டை தானாகத் தோளுக்கு வராது. வலது கையால் அழுத்தித் தள்ளித்தான் பொருத்த முடியும். அந்த இறுக்கம் வந்தபின் இடது கைத் தசைகளைத் தளர்த்திவிடலாம். கனம் எலும்புக்கும் வாருக்கும் போய்விடும். தசை களைக்கும், நடுங்கும், எலும்பு நடுங்காது.

நீளும் வாரில் இந்தக் கணக்கு பலிக்காது. முக்கோணத்தின் ஒரு பக்கம் ரப்பர் என்றால் அது முக்கோணமே இல்லை.

இறுகிய வாராக இருந்தாலும் முழங்கை எதன்மேலாவது ஊன்றியிருக்க வேண்டும்: தரையில், இல்லை உட்கார்ந்தோ மண்டியிட்டோ முட்டிமேல். நின்றபடி சுடுகிறவருக்கு வாரால் பெரிய உதவி இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில், மண்டியிடும்போதும் படுக்கும்போதும் வாரைக் கட்டிக்கொள்ளலாம். நிற்கும்போது விதியே அனுமதிக்காது. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வாரே கிடையாது. அவருடைய அசையாமை பெரும்பாலும் பயிற்சியால் வருவது. எனக்கு அந்தப் பயிற்சியும் இல்லை, வாரும் இல்லை. வாய் மட்டும் இருந்தது.

அந்த மான் இலை உதிர்ந்த ஓக் மரங்களுக்கு நடுவே, 130 கெஜம் இருக்கும், தலையைக் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை. உட்கார்ந்திருக்கலாம். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் மரம் இருந்தது, அதில் சாய்ந்திருக்கலாம். நான் நின்றுகொண்டே, சினிமாவில் பார்த்த ஞாபகத்தில் நியோப்ரீன் வாரை முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். அது நீண்டு கொடுத்தது, சுருங்கி இழுத்தது. ரைஃபிள் முன்னைவிட அதிகமாக ஆடியது. தொலைநோக்கியின் குறுக்குக்கோடு மானின் தோளிலிருந்து வயிற்றுக்குப் போய், திரும்பித் தோளுக்கு வந்தது. அது தோளைக் கடக்கிற நேரம் பார்த்து விசையைச் சுண்டினேன். அழுத்தவில்லை, சுண்டினேன். ஹவில்தாரின் மூன்று பாடமும் ஒரே நொடியில் போயின.

மான் துள்ளவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, மெல்ல நடந்து புதருக்குள் போனது. அது நின்ற இடத்தில் வெளுத்த வயிற்று முடி கொஞ்சம், கறுத்த ரத்தம் இரண்டு சொட்டு, உதிர்ந்த இலைமேல் பச்சையாக ஒரு பிசுக்கு. முகர்ந்தால் புளித்த நாற்றம். நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருக்கும். இது குடலில் பட்டது. குடலில் பட்ட மானைப் பல மணி நேரம் தொந்தரவு செய்யக் கூடாது. பக்கத்திலேயே படுத்து அங்கேயே உயிரை விடும். துரத்தினால் ரத்தத் தடம்கூட விடாமல் மைல் கணக்கில் போய்விடும். வேட்டை உரிமத்துக்கான வகுப்பில் சொல்லித்தந்த பாடம்தான். நான் உடனே உள்ளே புகுந்தேன். லாரல் புதருக்குள் சடசடவென்று அது எழுந்து ஓடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தடமே இல்லை. இருட்டும்வரை குனிந்து தேடினேன்.

அதற்கு மேலும் வழி இருந்தது. காயம்பட்ட மானைக் கயிற்றில் கட்டிய மோப்ப நாயால் தேட இந்த மாநிலத்தில் சட்டமே இடம் கொடுக்கிறது. அதைச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக யாரையாவது வரவழைத்திருப்பார். அதற்கு, எங்கே பட்டது, எப்படிச் சுட்டாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். என் ராணுவப் பயிற்சி அம்பலமாகும். "படவில்லை" என்றேன். "பரவாயில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான்" என்று தோளில் தட்டினார். வாரைச் சுமந்த அதே தோள். ஒரு மிருகம் குளிரில் கிடந்து சாவதைவிட என் பேர் கெடுவது எனக்குப் பெரிதாகப் பட்டது. இதை எந்தப் பக்கம் திருப்பிச் சொன்னாலும் இவ்வளவுதான்.

அதன்பிறகு பழியைப் போட ஆள் தேடினேன். தொலைநோக்கி சரியாகப் பொருந்தவில்லை என்று கழற்றி மாட்டினேன். தோட்டா சரியில்லை என்று வேறு வாங்கினேன். வாரின்மேல் மட்டும் கை வைக்கவில்லை. அதை மாற்றினால் பெரியவர் ஏன் என்று கேட்பார்.

அடுத்த பருவத்துக்கு முன்னால் அலுவலகத்துக் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவன் வேட்டைக்குக் கிளம்பினான். "அண்ணா, ஸ்லிங் எதுங்ணா வாங்கறது? ஒண்ணும் புரியல" என்றான். "தோள் வலிக்காம இருக்கணும் தம்பி, நாள் பூரா சுமக்கப் போறது நீதானே" என்று, நான் வைத்திருந்ததையே வாங்கச் சொன்னேன். சொன்னபடியே வாங்கினான்.

அவன் மட்டும் என்னைப்போல் இல்லை. போட்டிகளுக்குச் சுடப் பழக்கும் ஒரு வகுப்பில் சேர்ந்தான், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். முதல் வேலையாக எங்கள் வார்களைக் கழற்றிவைக்கச் சொல்லி, ஆளுக்கொரு பருத்திப் பட்டை வாரைக் கொடுத்தார்கள். ராணுவம் தோலுக்குப் பதிலாகக் கொண்டுவந்த மலிவான சாதனம். அதைக் கண்ணி போட்டு மாட்டிப் படுத்தபோது குறுக்குக்கோடு நின்றது. கண்ணி கொஞ்சம் கீழே இறங்கி ரத்தக்குழாயை அமுக்கியபோது, ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் கோடு துள்ளியது; மேலே ஏற்றினதும் அடங்கியது. என் ரைஃபிளின் இன்னொரு குறையும் அங்கே தெரிந்தது. குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் ஒரு டாலர் நோட்டை நுழைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. வாரை இறுக்கி இழுத்துக்கொண்டு மறுபடி நுழைத்தேன், பாதியில் சிக்கியது. இழுப்பில் கட்டை வளைந்து குழலைத் தொடுகிறது. தொட்டால் குண்டு வேறிடம் போகும். அதனால்தான் வாரின் இழுப்போடு சுட்டுப் பார்த்தே குறியைச் சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள்.

அங்கிருந்து கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுமப்பது ஒரு வேலை, சுடுவது வேறு வேலை. பனிச்சறுக்கில் ஓடிச் சுடும் பயத்லான் வீரர்கள் இரண்டுக்கும் இரண்டு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்: குறைந்தது மூன்றரைக் கிலோ ரைஃபிளை முதுகில் சுமக்க இரட்டை வார், படுத்துச் சுடக் கையில் கட்டிய பட்டையிலிருந்து கொக்கியால் மாட்டும் தனி வார். படுத்தநிலையில் அவர்கள் 50 மீட்டரில் அடிக்க வேண்டிய குறி 45 மில்லிமீட்டர்தான். நின்று சுடும்போது அதுவே 115 ஆகிறது. வேட்டைக்காரருக்கு ஒரே வார் இரண்டையும் செய்ய வேண்டுமென்றால் முதல் நிபந்தனை, அது நீளக் கூடாது. 1907 தோல் வார் அபார உறுதி, மாட்ட நேரமாகும். எரிக் சிங் உருவாக்கி, அரிசோனாவில் கன்சைட் பள்ளியை நிறுவிய ஜெஃப் கூப்பர் பரப்பிய சிங் ஸ்லிங்கில் குறுக்கே ஒரு குட்டைப் பட்டை உண்டு. நொடியில் கை நுழையும், ரைஃபிளில் கூடுதலாக ஒரு மாட்டும் இடம் வேண்டும். பருத்தி, நைலான் பட்டைகள் விலை குறைவு, ஈரத்துக்கும் அஞ்சாது. தோளில் அழுத்தும்தான். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

இப்போது என் ரைஃபிளில் இருப்பது சிங் ஸ்லிங். காகிதத் தட்டு ஒன்றை ஆணியடித்து, எந்த நிலையில் எவ்வளவு தூரத்துக்கு எல்லாக் குண்டும் தட்டுக்குள் விழுகிறது என்று பார்த்தேன். உட்கார்ந்து, கண்ணி போட்டு, 150 கெஜம். நின்றபடி 50 கூடத் தேறவில்லை. நான் 130இல் நின்று சுட்டவன்.

தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "இத்தனையும் தெரிஞ்சும் எனக்கு ஏண்ணா அதையே வாங்கச் சொன்னீங்க?" உண்மையைச் சொன்னேன். உன் தோளிலும் அதே வார் தொங்கினால் என்னுடையதில் தப்பில்லை என்று ஆகும், அதனால் சொன்னேன் என்றேன். அவன் பதில் பேசவில்லை. வாருக்கான காசைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைத் தமிழில் எழுதுகிறேன். அவரால் படிக்க முடியாது. அது தெரிந்தேதான் இவ்வளவு தாராளமாக எழுதியிருக்கிறேன் என்பதையும் இந்த வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.