கைக்கு அடங்கிய துணை

பயணம் செய்வார்க்குச் சுமையே முதற்பகை. 1990களில் அமெரிக்க அலுவலர் பலர் மடிக்கணினியைத் தோளில் சுமந்தே ஊர்தோறும் சென்றனர். அச்சுமையைக் குறைக்க வந்தவையே கையடக்கக் குறிப்பேட்டுக் கருவிகள். ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பார், மரத்துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்து நடமாடிப் பார்த்தே தம் கருவியின் அளவை முடிவு செய்தார். 1996இல் 'பைலட்' பிறந்தது.

1999இல் வெளிவந்த 'பாம் செவன்', ஏரியலை நிமிர்த்தியதும் கம்பியின்றி மின்னஞ்சலைப் பெற்றுத் தந்தது. எனினும், அமெரிக்காவுக்கு வெளியே அவ்வசதி இல்லை. சிறு கோலால் எழுத்தெழுத்தாகக் கீறி நீண்ட அறிக்கை வரைவதும் எளிதன்று.

ஆகவே, முகவரி பார்க்கவும் இரண்டு வரியில் மறுமொழி விடுக்கவும் விழைந்தவர்க்கு அக்கருவியே போதுமாயிற்று. பக்கம் பக்கமாக எழுத வேண்டியவரோ மடிக்கணினியைக் கைவிட இயலவில்லை. இன்று அவ்விடத்தைக் கைப்பேசி பெற்றுவிட்டது. வினா மட்டும் மாறவில்லை. கருவியின் ஆற்றலை அளக்குமுன் தன் தேவையை அளப்பவனே தக்கதைத் தேர்கிறான்.