ஈரச் சாக்கு

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய டைல்ஸை உடைத்தோம். உடைத்தவர்கள் இரண்டு நாளில் போய்விட்டார்கள். தூசி இரண்டு மாதம் போகவில்லை. அடுக்களையில் கவிழ்த்து வைத்த பாத்திரத்துக்குள், பூட்டிய பீரோவில் இருந்த பட்டுப் புடவையின் மடிப்பில், ஃபிரிட்ஜ் கதவு ரப்பரின் இடுக்கில் எல்லாம் வெள்ளை மாவாகக் கிடந்தது. அம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. மூன்றாம் நாள் இரவு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. காண்ட்ராக்டரைக் கேட்டால், “உடைக்கிற வேலைன்னா தூசி வரத்தானே சார் செய்யும்” என்றார். நானும் அதை நம்பினேன்.

இப்போது மாடித் தரையையும் மாற்றலாம் என்று பேச்சு வந்தபோது, மதுரை வில்லாபுரத்தில் இருக்கும் நண்பர், “முடிவெடுக்கறதுக்கு முன்னாடி ஒருநாள் எங்க வீட்டுக்கு வாங்க. எங்க மேஸ்திரி வேலை பாக்குறதை ஒருதடவை பாருங்க” என்றார்.

காலை எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். தெருவில் எந்தச் சத்தமும் இல்லை. வேலை இன்று இல்லையோ என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனால், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் கூடத்து நிலைவாசலில் பாலித்தீன் ஷீட் ஒட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நடுவில் இரண்டும் ஒரு முழம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி. ஆள் நுழைந்ததும் தானாக மூடிக்கொள்கிறது. கீழே நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்கு. “காலோட போற தூசி இந்தச் சாக்கோட நிக்கணும் சார். இதைத் தாண்டி அடுப்படிக்குப் போகக் கூடாது.”

உள்ளே சீலிங் ஃபேன் ஸ்விட்சின் மேல் பிரவுன் டேப் ஒட்டியிருந்தது. வியர்வை தாங்காமல் யாராவது போட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அதில் ஒரு ஃபேன், முகத்தை வெளியே திருப்பி வைத்து, சுற்றியுள்ள இடைவெளி முழுக்க அட்டையால் அடைக்கப்பட்டிருந்தது. வெளியே ஒரு கை தூரத்தில் ஒரு தட்டியை நிறுத்தி அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் முந்தின நாளே சொல்லி, கொடியில் கிடந்த துணியை எடுக்கச் சொல்லியாயிற்று.

பூஜை அலமாரியிலிருந்து ஓர் ஊதுபத்தியை வாங்கிக் கொளுத்தி, ஷீட்டின் நடுப் பிளவுக்கு நேரே பிடித்தார். புகை நேராக எழவில்லை. வளைந்து அறைக்குள் போயிற்று. “வீட்டுக் காத்து இங்க வரணும், இங்க உள்ள காத்து வீட்டுக்குப் போகக் கூடாது. அம்புட்டுதான்.” என் வீட்டில் அன்று எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தோம். தெருவிலிருந்து வந்த காற்றுதான் தூசியைப் படுக்கையறை வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

நண்பர் வீட்டுத் தரை பதினைந்து வருடத்துக்கு முன் போட்ட விட்ரிஃபைட், இரண்டுக்கு இரண்டு அடி. இந்த வகைக் கல் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது. அதனால் அந்தக் காலத்தில் வெறும் சிமென்ட் பாலை ஊற்றி ஒட்டியவை பல இடங்களில் பிடிப்பு விட்டுப் போயிருக்கும். மேஸ்திரி குந்தி உட்கார்ந்து, உளியின் பின்புறத்தால் ஒவ்வொரு கல்லையும் தட்டிக் காது கொடுத்தார். ‘டக்’ என்றால் விட்டுவிட்டார். ‘டொப்’ என்றால் சாக்பீஸால் வட்டம். அரைமணி நேரத்தில் தரையில் பாதிக்கு மேல் வட்டமாகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலமே மூலையில் ஒரு கல்லைப் பெயர்த்து, அந்த வழியாக அடியில் இருக்கும் காலி இடத்துக்குள் தண்ணீர் விட்டு வைத்திருந்தார். கீழ்த்தளம் என்பதால் அது முடிந்தது. மாடியாக இருந்தால் கீழ்வீட்டு சீலிங்கில் ஓதம் இறங்கிவிடும், அங்கே ஈரச் சாக்கைப் பரப்புவதோடு சரி என்றார். “ராத்திரி பூரா ஊறிக் கிடந்துச்சுன்னா காலையில உளி போறப்ப புகையாது.”

தூசி கிளம்புவதை இந்த வேலை செய்பவர்கள் ‘புகைகிறது’ என்றுதான் சொல்கிறார்கள். தூசி கிளம்பியது என்று அவர்கள் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்த உளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரி கமான் பட்டையில் கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கியது. முழங்கை நீளம், மூன்று விரல் அகல வாய். சாதாரண உளியைப் போல் அதை நிமிர்த்திப் பிடிப்பதில்லை. தரையோடு தரையாகப் படுக்க வைத்து, தோசைக் கல்லில் கரண்டி விடுகிற மாதிரி கல்லுக்கு அடியில் விடுகிறார். சுத்தியலால் மூன்று தட்டு, ஒரு நெம்பு. இரண்டடிக் கல் முழுசாக எழுந்து வருகிறது. அடியில் ஈர மண் நிறத்தில் கலவை. ஒரு பொடி பறக்கவில்லை. “உடைச்சாத்தான் தூசி, பேத்தா தூசி இல்ல” என்றார். முழுக் கல்லாகவே பத்து பத்தாக அடுக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள்.

‘டக்’ என்று சொன்ன கற்களுக்கு பிரேக்கர் மெஷின் வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் இரண்டாள். ஒருவர் மெஷினைப் பிடிக்க, இன்னொரு பையன் மூடியில் ஏழெட்டு ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலை அமுக்கி, உளிமுனை படும் இடத்தில் மட்டும் நீர் தெளித்துக்கொண்டே இருந்தான். ஓடும் அளவுக்கு விடக் கூடாது, கரண்ட் மெஷின். கரண்ட் கசிந்தால் துண்டித்துவிடும் ஈஎல்சிபி இல்லாத வீட்டில் பிரேக்கரில் கையே வைப்பதில்லை என்றார் மேஸ்திரி. கட்டிங் மெஷினை அவர் கொண்டுவருவதே இல்லை. காய்ந்த கலவையில் அதன் பிளேடு ஓடினால் ஐந்து நிமிடத்தில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது.

மொசைக் தரைகளின் காலம் எனக்கு நினைவிருக்கிறது. பாலீஷ் போடும்போது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். சாம்பல் நிறச் சேறு வாசல் வரை வழியும். சேறு என்று திட்டியிருக்கிறோம். தண்ணீர் இருந்ததால்தான் அந்தக் கல்தூள் பெரும்பாலும் நெஞ்சுக்குப் போகாமல் இருந்தது என்பது அப்போது தெரியவில்லை.

பதினொன்றரைக்கு டீ. முற்றத்தில் உட்கார்ந்து கேட்டேன்: இவ்வளவும் எங்கே கற்றுக்கொண்டீர்கள்? உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “எங்கண்ணன்கிட்ட” என்றார்.

அண்ணன் மேலூர்ப் பக்கம் ஜல்லி கிரஷரில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். நாற்பது வயதில் இருமல். டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் தின்று முடித்தும் இருமல் நிற்கவில்லை. மறுபடி மாத்திரை. சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் மாத்திரை. மூன்றாவதாகப் போன இடத்தில் ஓர் இளம் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டிருக்கிறார். “அதுவரைக்கும் ஒருத்தரும் அதைக் கேக்கல சார். மூணு வருசம்.” அது சிலிகோசிஸ். மணலிலும் கருங்கல்லிலும் சிமென்ட் கலவையிலும் ஓட்டிலும் இருக்கிற சிலிகாத் தூள் நுரையீரலில் படிந்து அதைத் தழும்பாக்கிவிடும் நோய். தழும்பை அழிக்க மருந்து கிடையாது. அண்ணன் இப்போது படுத்துத் தூங்குவதில்லை. தலையணையை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்குகிறார். தெருமுனை வரை நடக்க மூன்று இடத்தில் நிற்கிறார்.

கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நெஞ்சின் அடிவரை போவது ஒரு முடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள். எல்லாம் அடங்கிவிட்டது போலத் தெரிந்த பிறகும் அது மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இலேயே இந்தச் சிலிகாத் தூளைப் புற்று உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்துவிட்டது. அமெரிக்காவில் 2016இல் வந்த விதி, அதற்கு எட்டு மணிநேர வேலையில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. நம் ஊரில் 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் என்றது. ஆனால் கூடம் தொழிற்சாலை ஆகாது. கட்டடத் தொழிலாளருக்கென்றே 1996இல் வந்த சட்டமும், தன் சொந்த வீட்டில் பத்து லட்சம் ரூபாய்க்குள் வேலை செய்விக்கிறவரை விலக்கிவிட்டது. நம் வாசற்படிக்கு வெளியேயே சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டது.

அப்படியானால் உள்ளே பொறுப்பு யாருக்கு? என் வீட்டு வேலைக்குக் காண்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷனை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உடைக்கக் கூலி, ரப்பிஸ் அள்ள வண்டி வாடகை, சிமென்ட், மணல் எல்லாம் இருக்கிறது. தூசி என்று ஒரு வரி இல்லை. ஷீட், டேப், சாக்கு, ஆளுக்கு ஒரு என்95 மாஸ்க் எல்லாம் சேர்ந்து மேஸ்திரி சொன்ன கணக்கில் ஒருநாள் கூலிக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் அரைநாள் நேரம். அந்த அரைநாளைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். மிச்சம் பிடித்தது காண்ட்ராக்டர் பைக்குப் போயிற்று, தூசி என் அம்மாவின் நெஞ்சுக்கும், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் உடைத்த அந்தப் பையன்களின் நெஞ்சுக்கும் போயிற்று. துண்டு இந்தத் தூளை நிறுத்தாது. அம்மாவுக்காவது நான் ஆட்டோ பிடித்தேன். அந்தப் பையன்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. விலை குறைவாக இருக்கிறதே என்று அந்தக் கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டவன் நான்.

மத்தியானத்துக்கு மேல் கலவையைச் சுரண்டிச் சமன் செய்தார்கள். அதை முழுக்கப் பார்க்கவில்லை. கூட்டும் நேரத்துக்குத்தான் மறுபடி உள்ளே போனேன். சித்தாளாக வந்திருந்த அக்கா ஒரு பாண்டில் நனைத்த மரத்தூளைக் கொண்டுவந்து, விதை தூவுகிற மாதிரி வீசிவிட்டு, பிறகுதான் விளக்குமாற்றை எடுத்தார். தூசி மரத்தூளோடு ஒட்டிக்கொண்டு உருண்டு உருண்டு வந்தது. “மொதல்ல எல்லாம் காஞ்சபடியேதான் கூட்டுவேன். உடைக்கிறப்ப வர்றதைவிட கூட்டுறப்பதான் மூச்சை அடைக்கும்” என்றார். அள்ளியதைச் சாக்கில் கட்டி, வாயைச் சுருக்கி, மேலே தண்ணீர் தெளித்துத்தான் வெளியே தூக்கினார்கள். வேக்கூம் கிளீனரைக் கொடுக்கட்டுமா என்று நண்பர் கேட்டதற்கு மேஸ்திரி வேண்டாம் என்றார். சாதாரண மெஷின் முன்னால் இழுத்து நுண்தூளைப் பின்னால் துப்பிவிடும்.

போகும் முன் அக்கா மாஸ்க்கைக் கழற்றி என்னிடம் காட்டினார். வெளிப்புறம் சாம்பல். உள்பக்கம் வெள்ளை.

ஊர் திரும்பியதும் மாடி வேலைக்கு வந்த புதிய கொட்டேஷனில், கூலிக்கும் வண்டி வாடகைக்கும் நடுவில் என் கையாலேயே ‘தூசிக் காப்பு: ஷீட், சாக்கு, மாஸ்க், அரைநாள்’ என்று எழுதி, எதிரே தொகையும் போட்டு அனுப்பினேன். மறுநாள் காலை காண்ட்ராக்டர் போன் செய்தார். “இது என்ன சார், புதுசா?” உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம், வீட்டுக்கு வாருங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.