வாய்க்குள் ஒரு தொட்டில்

ஜிலேபிக் கெண்டை தெரியுமில்லையா? மிளகாய்த்தூள் தடவி எண்ணெயில் போடுகிறோமே, அதேதான். 1952-ல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த ஆப்பிரிக்க மீன். அதற்கு ஒரு தூரத்துப் பங்காளி உண்டு. பெயர் 'ம்புனா'. மலாவி ஏரியின் பாறை இடுக்குகளில் குடியிருந்து, பாசியைச் சுரண்டித் தின்பவர். மஞ்சள், நீலம் என்று பட்டுப்புடவைக் கலர்! சென்னை கொளத்தூரில் வாங்கிய பன்னிரண்டு பேர், ஆரோவில் பக்கம் என் வீட்டுக் கூடத்தில் நாலடித் தொட்டியில் வசிக்கிறார்கள்.

"பக்கத்துலயே மரக்காணம் உப்பளம். தண்ணிக்கு என்ன கவலை?" என்கிறார்கள் நண்பர்கள். அங்கேதான் சூட்சுமம். மலாவி நன்னீர் ஏரி, ஸார். இவருக்கு வேண்டியது சோற்றுப்பு அல்ல. சுண்ணாம்புச் சத்துள்ள கடினத் தண்ணீர். பி.ஹெச். எட்டை ஒட்டி இருக்கணும். பாத்திரத்தில் வெள்ளை படிகிறதே என்று நாம் திட்டும் போர்த் தண்ணீர், ஐயாவுக்கு அமிர்தம்.

குணம்? உங்கள் ஆபீஸ் மாதிரிதான். சீனியர் ஒருவர் பெரிய பாறையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை விரட்டுவார். தொட்டியில் நாலே பேர் என்றால் ஒரு அப்பாவி அடிபட்டே செத்துப்போகும். கூட்டம் அதிகமானால் யாரை முறைப்பது என்று சீனியர் குழம்புவார். அடியும் பங்கிட்டுப் போகும்.

போன மாதம் ஒரு பெண் மீன் சாப்பாட்டுக்கு வரவில்லை. தாடை வேறு உப்பியிருந்தது.

"பல்வலியா இருக்குமோ?" என்றாள் மனைவி.

முட்டை! ம்புனாத் தாய் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பாள். கிட்டத்தட்ட மூன்று வாரம். அதுவரை பட்டினி. மிரண்டால் துப்பிவிடுவாள், மற்றவர்கள் விழுங்கிவிடுவார்கள்.

பதினெட்டாம் நாள் ராத்திரி கரண்ட் போச்சு. பில்டர், காற்று பம்ப் இரண்டும் நின்றன. கொஞ்ச நேரத்தில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. அவள் மட்டும் பாறைக்கடியிலேயே இருந்தாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நானும் மனைவியும் மாற்றி மாற்றி, எதிர் மூலையில் தண்ணீரை மொண்டு, டீக்கடை மாஸ்டர் மாதிரி மெதுவாக ஆற்றிக்கொண்டே இருந்தோம். தண்ணீரில் காற்று கலக்க வேறு வழி? இரண்டரை மணி நேரம்! தோள்பட்டை கழன்றே போச்சு.

நாலு நாள் கழித்து, கல்லிடுக்கில் அரிசி நீளத்தில் ஏழு குஞ்சுகள். எலும்பும் தோலுமாகிவிட்ட தாய், மேலே வந்து முதல் கவளத்தைக் கவ்வியது.

மறுநாள் வாசலில் மீன்காரம்மா. "ஜிலேபி உயிரோட இருக்கு, போடட்டுமா?"

மனைவி தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "வேணாம்மா... வஞ்சிரம் இருந்தா குடுங்க."