பொத்தானின் முதுகு

மெட்டல் டிடெக்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்பது, எந்த சிக்னலைத் தோண்டுவது என்பதைத்தான். அது காதுக்குச் சீக்கிரம் பழகிவிடும். இரும்பு கரகரக்கும், ஈயமும் பித்தளையும் தெளிவாகப் பேசும். தோண்டி எடுத்தது இன்னதென்று சொல்வதுதான் நெடுநாள் வேலை. இங்கிலாந்தில் கென்ட் பக்கத்து வயல்களில், நிலத்துக்காரரின் அனுமதியோடு, பல வருடங்களாக டிடெக்டரை வீசி நடக்கிறவன் நான். பட்டாளத்துச் சாமான்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கிளப்பின் மூத்தவர். பொத்தான் கிடைத்தால் அவர் முன்பக்கம் பார்க்கவே மாட்டார். மண்ணோடு உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். பிறகு திருப்பி, முதுகில் நூல் கோக்கும் காது எப்படிப் பொருத்தியிருக்கிறது, பேக்மார்க் எனப்படும் தயாரிப்பாளர் முத்திரை தெரிகிறதா என்று பார்ப்பார். யாராவது கட்டைவிரலால் தேய்க்கக் கை நீட்டினால் சட்டென்று கையை மூடிக்கொள்வார். விரலுக்கடியில் ஒரு மணல் உருண்டால் போதும், நூறு வருடம் மண்ணில் தாங்கிய தங்க முலாம் போய்விடும்.

முன்பக்கம் ஏமாற்றும். கிரீடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1901 முதல் 1952 வரை மன்னர்கள் காலத்தில் அதன் வளைவு குவிந்து நிற்கும். இரண்டாம் எலிசபெத் காலத்தில் நடுவே அமுங்கியிருக்கும். ஆனால் விக்டோரியா காலத்துக் கிரீடத்திலும் நடுவே ஒரு சரிவு உண்டு. தேய்ந்த பொத்தானில் இரண்டையும் பிரிப்பது சிரமம். அங்கே கனம் கைகொடுக்கும். கையில் வைத்ததே தெரியாத அளவு லேசாக இருந்தால், அது 1950களில் வரத் தொடங்கிய அலுமினியப் பொத்தான். விக்டோரியா காலத்துப் பித்தளை அப்படி இருக்காது.

பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவைப் பொத்தான்தான் பொறுமையைச் சோதிப்பது. கருஞ்சாம்பல் நிறத்தில், காய்ந்த சேற்றுப் பொருக்குபோல மேல்தோல் எழும்பி வரும். தண்ணீர் காட்டாதீர்கள். நிழலில் தானாக உலர விட்டு, பல்குத்தும் மரக்குச்சியால் விளிம்பிலிருந்து உள்நோக்கி மண்ணைத் தளர்த்த வேண்டும். எண் தெரியவில்லையென்றால் இன்னும் சுரண்டக் கூடாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, பொத்தானை மெல்லச் சுற்றுங்கள். அப்படிச் சுற்றியபோதுதான் ஒரு பொத்தானில் எனக்கு 50 என்ற எண் நிழலாக எழுந்தது. படைப்பிரிவின் எண்ணைப் பொத்தானில் போட ஆணை வந்தது 1767இல். சிப்பாய்களின் பியூட்டர், 1855இல் பித்தளைக்கு இடம்விட்டது. 1871இல் அரச முத்திரை பொறித்த பொதுப் பொத்தான் சிப்பாய்களுக்கு வந்தது. ஆக, எண்ணும் பியூட்டரும் சேர்ந்தாலே காலத்தின் இரண்டு எல்லைகளும் கிடைத்துவிடுகின்றன. ஐம்பதாம் காலாட்படை, மேற்கு கென்ட் என்ற பெயரைத் தாங்கிய படை. 1881இல் தொண்ணூற்றேழாம் படையோடு சேர்ந்து ராயல் வெஸ்ட் கென்ட் ஆனது.

ஈயக் குண்டுக்குத் தராசுதான் கண். மண்ணில் கிடந்த ஈயத்தின் மேல் வெண்மையான தோல் ஒன்று படியும். அதை உரிக்காமலே எடை போடுங்கள். ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டு வார்த்தார்கள் என்பதே பழைய கணக்கு. பன்னிரண்டு என்றால் சுமார் 38 கிராம். பதினேழாம் நூற்றாண்டு மஸ்கட் துப்பாக்கியின் குண்டாக இருக்கலாம். பிரவுன் பெஸ் என்ற மஸ்கட்டின் குண்டு 31 கிராமை ஒட்டி நிற்கும். 23 கிராம் என்றால் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியை நினையுங்கள். மேலே பல் தடம் தெரிந்தால், வலி தாங்காமல் சிப்பாய் கடித்தது என்று கதை கட்டுவார்கள். பெரும்பாலும் அது பன்றி மென்ற தடம்.

.303 ரைபிள் தோட்டாவில், செய்த ஆலையைக் காட்டும் எழுத்துகள் அடிப்பக்கத்தில் இருக்கும். ஆர் எல் என்றால் உல்விச், கே என்றால் பர்மிங்காமின் கைனாக், கே எஃப் என்றால் நம் புனே அருகே கிர்க்கி. ஆனால் எழுத்துக்கு முன்னால், அடியின் நடுவிலுள்ள பிரைமரைப் பாருங்கள். ஊசி குத்திய குழி இல்லையென்றால் அது இன்னும் உயிரோடு இருக்கும் தோட்டா. அடையாளம் காணும் ஆசையை அங்கேயே விட்டுவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். ஷெல், கையெறிகுண்டு போல ஏதாவது தென்பட்டால் தொடவே வேண்டாம். மண்வெட்டியைக்கூட இழுக்காமல் விலகி 999ஐ அழையுங்கள். விழுந்த போர் விமானத்தின் துண்டுகளுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் அந்த இடத்தைத் தோண்டக் கூடாது.

பெயர் கண்டுபிடித்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கென்ட்டில், பீருக்குக் கசப்பு தரும் ஹாப் கொடியின் தோட்டங்களுக்கு யார்க்‌ஷயர் கம்பளி ஆலைகளின் கழிவையும் கந்தலையும் எருவாக இறைத்தார்கள். கிழிந்த சீருடைகளும் அதில் கலந்து வந்தன. துணி மக்கிப்போயிற்று, பொத்தான் தங்கிவிட்டது. அதனால்தான் ஒரே வயலில் ஸ்காட்லாந்துப் படையும் கடற்படையும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. மூத்தவர் பொத்தானுக்குப் பெயர் சொன்ன கையோடு, நிலத்துக்காரரிடம் போய் இங்கே ஹாப் போட்டதுண்டா என்று கேட்பார். நீங்களும் கேளுங்கள், பழைய வரைபடத்தையும் பாருங்கள். ஹாப் நிலம் என்றால், இங்கே படை முகாம் இருந்தது என்று நோட்டில் எழுதாதீர்கள். அதே வயலில் மஸ்கட் குண்டுகளும் கூட்டமாகக் கிடைத்தால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கலாம். கந்தலோடு அவை அப்படிக் கூட்டமாக வந்து சேராது.