வரப்பில்லாத வயல்

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் டச்சுக் கல்லறையையும் பூநாரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். என்னை இழுத்தது பாதையே இல்லாத அந்த நீர்வெளி. சில்காவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஆனால் பல இடங்களில் ஆழம் இடுப்பளவுகூட இல்லை. கரை மறைந்ததும் யாருக்கும் சொந்தமில்லாத இடத்துக்கு வந்துவிட்ட களிப்பு மனதில் ஏறியது.

அதை ஒரு சண்டை கலைத்தது. நட்டிருந்த கம்புகளின் பக்கம் எங்கள் படகு ஒதுங்கியதும், எதிரே ஒரு இளைஞன் எழுந்து நின்று கத்தினான்: "இன்னா சித்தப்பா, கண்ணு தெரியலியா? இன்னிக்கு இது எங்க பாடு!" படகுக்காரர் வாதாடவில்லை. மோட்டாரை நிறுத்தி, கழியை ஊன்றி விலகினார்.

பிறகு விவரம் சொன்னார். இறால் படும் இடங்களை ஊர்க்கூட்டத்தில் பிரித்து, சீட்டுப் போட்டு, யார் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்று முறை வைப்பார்களாம்; அந்த முறைதான் பாடு. நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் மாறி மாறி வரும். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதைப்போல. அங்கே மதகும் வரப்பும் உண்டு. இங்கே எல்லை முழுவதும் மனிதர்களின் நினைவில் இருக்கிறது. அந்த இளைஞன் கத்தியதில் இருந்த நியாயம் எனக்குப் பிடித்துப்போனது.

திரும்பும் வழியில், ஆழமில்லாத நீரில் இருளர் பெண்கள் சிலர் குனிந்து நகர்ந்தார்கள். வலை இல்லை. இரு கைகளும் சேற்றைத் தடவுகின்றன. இறால் துள்ளியதும் விரல்கள் மூடுகின்றன. பிடித்ததைப் போடும் பறியின் கயிறு பற்களுக்கிடையில். கை ஓய்ந்தால்தான் பேச்சு. உங்களுக்குப் பாடு உண்டா என்றேன். ஒரு அம்மா கயிற்றை எடுத்துவிட்டுச் சொன்னார்: "எங்களுக்கு ஏது சார் பாடு? தடவிக்கினே போவோம். மொகத்துவாரம் அடைச்சிக்கினா கையில சேறுதான்."

அந்த ஒரு வாக்கியத்தில் ஏரியின் உயிர்நாடி இருக்கிறது. இறால் குஞ்சு கடலிலிருந்து முகத்துவாரம் வழியாகத்தான் உள்ளே வருகிறது. மணல் அதை மூடினால் வலை கட்டும் பட்டினவ மீனவருக்கும் கையால் தடவும் இருளருக்கும் வயிறு ஒன்றுபோல் காயும். நட்டம் பொதுவாக இருக்கும்போது முறை மட்டும் ஒரு தரப்புக்கே இருப்பது சரியில்லை. ஏரியைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் அந்த அம்மாவுக்கும் ஓர் இடம் வேண்டும். சீட்டுப் போட்டு நியாயம் காணத் தெரிந்த ஊர்களுக்கு அது ஆகாத காரியமில்லை.