காலிப் பெட்டி

பார்த்தேன். பார்த்தும் மறைத்தேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு விவசாய கேமைத் தமிழில் காட்டும் மாற்றுக் கோப்பு, அதாவது மாட், செய்தேன். (அம்மா இன்றும் அதை 'மாடு' என்றே சொல்கிறார்.) மாட் செய்ய அந்த கேமில் ஒரு வழியும் இல்லை. கருவி இல்லை, விளக்கக் குறிப்பு இல்லை. கோப்புகளைப் பிரித்து, குருட்டாம்போக்கில் தேடினேன். வெண்டைக்காய் என்று எழுதினால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. அதைச் சரிசெய்யவே மூன்று வாரம். வாய் மட்டும் ஓயவில்லை. 1993இல் வந்த டூம் கேம் கூட, மற்றவர்கள் மாற்ற வசதியாக, வரைபடங்களைத் தனிக் கோப்பில் வைத்தது. ஸ்கைரிம் கேம் வந்த சில மாதங்களில், 2012 பிப்ரவரியில், மாட் செய்ய கிரியேஷன் கிட் என்ற கருவியைக் கொடுத்துவிட்டார்கள். இந்த கேமைச் செய்தவர்களுக்கு என்ன கேடு என்று பார்த்தவரிடமெல்லாம் புலம்பினேன்.

பொங்கலுக்கு முந்தின இரவு, மணி இரண்டு. சோதனைக்காக மாடை நீக்கிவிட்டு கேமைத் திறந்தேன். களஞ்சியப் பெட்டி காலி. நாற்பது பூசணிக்காய் வைத்திருந்தேன், ஒன்றுகூட இல்லை. சேவ் ஃபைலைப் பிரித்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்த கேம் பொருளுக்கு எண் வைத்துக்கொள்ளவில்லை; பெயரையே எழுதி வைக்கிறது. நான் பெயரைத் தமிழாக்கியிருந்தேன். மாட் போனால் 'பூசணிக்காய்' என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. அழித்துவிடும்.

நிறுத்தியிருக்க வேண்டும். குறைந்தது, சேவ் ஃபைலுக்கு நகல் எடுத்து வையுங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதினால் பயந்து யாரும் பதிவிறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்ற பயமும் இருந்தது. முதல் தமிழ் மாட் என்ற பெயர் எனக்கு வேண்டும். பொங்கலன்று காலையில் வெளியிட்டேன்.

ஆறு வாரம் கழித்து கேமுக்கு அப்டேட் வந்தது. என் கோப்புகளின் மேல் எழுதிவிட்டது; மாட் போய்விட்டது. அந்த கேமில் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். விஷயம் தெரியாமல் எல்லோரும் தூங்கினார்கள். காலியான பெட்டி அப்படியே பதிவாகிவிட்டது.

ஒரு அப்பா எழுதினார். ஒன்பது வயது மகளும் அவள் பாட்டியும் சேர்ந்து விளையாடினார்களாம். பாட்டிக்கு இங்கிலீஷ் வராது. தமிழில் படிக்க முடிந்ததால்தான் உட்கார்ந்தாராம். கேமுக்குள் மூன்று வருட விளைச்சல் போய்விட்டது, திரும்ப எடுக்க முடியுமா தம்பி என்று கேட்டிருந்தார்.

"இது கம்பெனி செய்த கோளாறு சார், மாடுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று பதில் போட்டேன். கை நடுங்கவில்லை. அவர் நன்றி சொன்னார்.

பிறகு உட்கார்ந்து திருத்தினேன். காட்டும் பெயரை மட்டும் மாற்றி, உள்பெயரைத் தொடாமல் விட்டால் போதும். இருபது நிமிட வேலை. புதிய பதிப்பின் குறிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று மட்டும் போட்டேன்.

அந்தப் பதிலை நான் அழித்துவிட்டேன். அவரிடம் இருக்கும்.